பழைய ஒலிக்கருவிகளும் இணைய ஏலமும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வால்வு றேடியோக்களைப் பற்றி எழுதிய பின்னர் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே விடயத்தையே கேட்டிருந்தன. வெளிநாட்டு இணைய ஏலங்களில் வரும் பழைய அம்பிளிபயர்களையும் றெக்கோட் பிளேயர்களையும் பார்த்து வாங்க விரும்புபவர்கள் ஒருபுறம். வீட்டின் உள்ளறையில் துணியால் மூடிக் கிடக்கும் அப்பாவின் கருவியை அதே ஏலங்களில் விற்கலாமா என்று யோசிப்பவர்கள் மறுபுறம். ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஜப்பானிய ஏலத் தளமொன்றில் 1970களில் செய்யப்பட்ட சன்சுயி அம்பிளிபயர் ஒன்றையும், அமெரிக்கத் தளமொன்றில் பெல்ற்றில் ஓடும் றெக்கோட் பிளேயர் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் இங்கு கேட்கப்படும் விலையிலும் பார்க்க மிகக் குறைவு. வாங்கலாமா?
— வாசகர், கொக்குவில்

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் இரண்டு கருவிகளின் முகப்பையும் நுணுக்கமாக விவரித்திருக்கிறீர்கள், ஆனால் அவற்றின் முதுகைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. தூர தேசத்திலிருந்து பழைய ஒலிக்கருவி வாங்கும் ஒருவர் முதலில் கேட்டுப் பெற வேண்டியது, மின்கம்பி உட்செல்லும் இடத்துக்கு அருகே உள்ள தகட்டின் தெளிவான படம். எத்தனை வோல்ட், எத்தனை ஹேர்ட்ஸ் (மின்னோட்டம் ஒரு நொடியில் அலையும் தடவைகள்), எத்தனை வாற் என்பவை அதிலேதான் பொறிக்கப்பட்டிருக்கும். இலங்கையில் நமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவில் அது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அதிலும் தோக்கியோ உள்ளிட்ட கிழக்குப் பகுதியில் 50 ஹேர்ட்ஸ், ஒசாக்கா உள்ளிட்ட மேற்குப் பகுதியில் 60 ஹேர்ட்ஸ்.

முதலில் அம்பிளிபயரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய நிறுவனங்கள் அக்காலத்தில் ஏற்றுமதிக்கெனச் செய்த பல மாதிரிகளின் பின்புறத்தில் 110, 120, 220, 240 என்று மாற்றக்கூடிய வோல்ட் தெரிவி இருக்கும். அத்தகைய கருவி கிடைத்தால் தெரிவியை 240இல் வைத்துவிட்டுப் பாவிக்கலாம். ஆனால் ஜப்பானிய உள்நாட்டு ஏலத்தில் வருபவை பெரும்பாலும் அந்நாட்டவருக்கென்றே செய்யப்பட்ட, 100 வோல்ட் மாத்திரம் ஏற்கும் கருவிகள். அவற்றை நேரே நமது பிளக்கில் செருகினால் கணப்பொழுதில் எரிந்துவிடும். இடையில் வோல்ட்டைக் குறைக்கும் ரான்ஸ்போமர் ஒன்று வேண்டும். கடைகளில் ஆயத்தமாகக் கிடைப்பவை 110 வோல்ட்டுக்கானவை; நமது மின்சாரம் 240க்கு உயரும் வேளையில் அவை ஏறத்தாழ 115 வோல்ட்டைக் கொடுக்கும். ஐம்பது வயதான ஒரு கருவியை ஒவ்வொரு நாளும் 15 வீதம் கூடுதலான அழுத்தத்தில் ஓட்டுவதை நான் விரும்பமாட்டேன். 100 வோல்ட்டுக்கே சுற்றிய ரான்ஸ்போமர் ஒன்றைச் செய்வித்துக்கொள்ளுங்கள். தகட்டில் எழுதியிருக்கும் வாற் அளவின் இரு மடங்கையாவது அது தாங்க வேண்டும். அதன் செலவையும் ஏல விலையோடு சேர்த்த பின்னர் அது மலிவா என்று பாருங்கள்.

றெக்கோட் பிளேயரின் சிக்கலோ வேறு வகையானது. ரான்ஸ்போமர் அதைத் தீர்க்காது. பெல்ற்றில் ஓடும் பழைய பிளேயர்கள் பலவற்றில் உள்ள மோட்டர், மின்சாரத்தின் ஹேர்ட்ஸ் அளவைப் பின்பற்றியே சுழலும். மோட்டரின் அச்சிலிருந்து பெல்ற்றை இழுக்கும் சிறு சக்கரமே கப்பி; 60 ஹேர்ட்ஸுக்கான கப்பியுடன் வந்த பிளேயர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். அதாவது நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழல வேண்டிய தட்டு 28க்கும் குறைவாகவே சுழலும். பல ஆண்டுகளுக்கு முன்னர் இதை அறியாமல் நானும் ஒன்றை வாங்கினேன். நாதஸ்வர இசைத்தட்டு ஒன்றை வைத்தபோது சுருதி மூன்று சுரத்தானங்களுக்கு மேல் இறங்கி, காலப்பிரமாணம் தளர்ந்து, வாசித்த வித்துவான் யாரென்றே அடையாளம் தெரியாதபடி ஒலித்தது. இசைத்தட்டுத்தான் பழுதடைந்துவிட்டதென்று இரண்டு நாட்கள் மனம் வருந்தியிருந்தேன். பின்னர் 50 ஹேர்ட்ஸுக்குரிய கப்பியைத் தேடிப் பெறுவதற்கு எட்டு மாதங்கள் சென்றன. நீங்கள் பார்த்திருக்கும் மாதிரிக்கு அத்தகைய கப்பி இன்னும் விற்பனையில் உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள். இல்லையெனில், மோட்டரே தட்டை நேரடியாகச் சுழற்றும் வகையைத் தேடுங்கள். 1972இல் வெளிவந்த ரெக்னிக்ஸ் எஸ்எல்-1200 முதலான அவ்வகைப் பிளேயர்களில் வேகத்தைக் கருவியின் உள்ளிருக்கும் இலத்திரனியற் சுற்றே தீர்மானிப்பதால், வோல்ட்டை மாத்திரம் சரிசெய்தாற் போதும்.

ஜப்பானிலிருந்து, வானொலி நிலையங்களைப் பிடிக்கும் ரியூனரும் சேர்த்து வாங்கும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அங்கு பண்பலை ஒலிபரப்பு 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது. பழைய கருவிகளின் முள் 90உடன் நின்றுவிடும். நமது நிலையங்களுள் மிகப் பெரும்பாலானவை அதற்கு மேலேயே இருக்கின்றன.

கேள்வி: ஈபேயில் ஏலம் கேட்கும்போது கடைசி நிமிடத்தில் யாரோ வந்து பறித்துவிடுகிறார்கள். ஐந்து ஐந்து பவுணாக ஏற்றிக் கேட்டும் மூன்று முறை இப்படி இழந்துவிட்டேன். இதற்கு வழி உண்டா?
— வாசகி, நல்லூர்

பதில்: நமது கோயில்களில் மாம்பழத்தை ஏலம் கூறும்போது, எதிரே கேட்பவரின் முகம் தெரியும், அவர் விட்டுக்கொடுத்ததும் தெரியும். 1995இல் தொடங்கிய ஈபேயின் முறை அப்படியன்று. அங்கே நீங்கள் கொடுக்கத் தயாராக உள்ள உச்ச விலையை ஒரே தடவையில் எழுதிவிடலாம். அதை மற்றவர்களுக்குக் காட்டாமல், தேவைப்படும்போது மட்டும் உங்கள் சார்பில் சிறிது சிறிதாக விலையை ஏற்றுவது தளத்தின் வேலை. நீங்கள் 120 பவுண் என்று எழுதியிருக்க, மற்றவரின் உச்சம் 90 பவுண் என்றால், 90க்குச் சற்று மேலான விலையில் அது உங்கள் பேரில் விழும். கடைசி நொடியில் வருபவர் வெல்வது, உங்கள் உச்சத்திலும் பார்க்க அவரது உச்சம் கூடுதலாக இருக்கும்போதுதான். நீங்கள் மூன்று முறையும் ஐந்து ஐந்து பவுணாக ஏற்றிக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள்; அப்படிக் கேட்பது போட்டியாளருக்கு உங்கள் ஆர்வத்தை அறிவித்து, விலையையும் உயர்த்திக் கொடுக்கிறது. முடிந்துபோன ஏலங்களில் அதே மாதிரி உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்பதைப் பாருங்கள். விற்பவர்கள் கேட்கும் விலையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதிலிருந்து திருத்தச் செலவைக் கழித்து உங்கள் உச்சத்தைத் தீர்மானித்து, ஏலம் முடியும் வேளையில் ஒருமுறை மாத்திரம் எழுதுங்கள். ஜப்பானின் யாகூ ஏலத்தில் இந்தக் கடைசி நேர உத்தி பெரும்பாலும் பலிக்காது. விற்பவர் அவ்வாறு அமைத்திருந்தால், இறுதி ஐந்து நிமிடங்களுக்குள் யாராவது கேட்டவுடன் ஏலம் மேலும் ஐந்து நிமிடங்கள் நீளும்.

விவரணச் சொற்களையும் கவனியுங்கள். “சோதித்துப் பார்க்கவில்லை” என்று எழுதுபவரிடம் மின்சாரம் இல்லாமல் இருப்பதில்லை. சோதித்து, வேலை செய்யாததைக் கண்ட பின்னரே பலர் அப்படி எழுதுகிறார்கள் என்பது என் அனுபவம். ஜப்பானியர் “ஜங்க்” என்று குறிப்பிட்டால், பழுதென்றே கொண்டு, முறைப்பாட்டுக்கு இடமில்லை என்பதையும் ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

கேள்வி: இலண்டனில் இருக்கும் மகன் எனக்காக ஒரு சோடி ஸ்பீக்கர் ஏலத்தில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். எதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: முன்துணியைக் கழற்றிவிட்டு எடுத்த படம் இல்லாத ஸ்பீக்கருக்கு விலை கேட்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். அதிர்ந்து ஒலியெழுப்பும் கூம்பைச் சட்டகத்தோடு இணைக்கும் வளையம் நுரைப்பஞ்சினால் ஆனதாக இருந்தால், அது பதினைந்து, இருபது ஆண்டுகளில் தானாகவே உதிரத் தொடங்கும். பாவிக்காமல் பெட்டியில் வைத்திருந்தாலும் உதிரும். கடற்காற்றும் ஈரப்பதனும் உள்ள பருத்தித்துறையில் அது இன்னும் விரைவாக நடக்கும். இறப்பர் அல்லது துணி வளையமுள்ளவை நெடுங்காலம் நிற்கும். பஞ்சு வளையத்தை மாற்றலாம், அதற்கான பொருட்களும் விற்பனைக்கு உண்டு. ஆனால் கூம்பை மையம் பிசகாமல் ஒட்டுவதற்குப் பழகிய கை தேவை. மகன் நேரில் சென்று எடுப்பாரானால், இரு கை விரல்களையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து மெதுவாக உள்ளே தள்ளிப் பார்க்கட்டும். சுரண்டும் ஓசை கேட்டால், உள்ளிருக்கும் சுருள் காந்தத்தில் உரசுகிறது என்று பொருள். அந்தச் சோடியை விட்டுவிடுவதே நல்லது. இங்கு வந்து சேர்ந்த பின்னர் பெட்டிகளைத் தரையிலோ சுவரோடு ஒட்டியோ வைக்காதீர்கள். கறையானுக்கு இங்கிலாந்து மரமும் நமது பனை மரமும் ஒன்றுதான்.

கேள்வி: என் தந்தையார் 1968இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த கராட் 401 றெக்கோட் பிளேயரும் ஒரு வால்வு அம்பிளிபயரும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. 1990இல் மின்சாரம் நின்ற பின்னர் அவற்றை யாரும் இயக்கவில்லை. பழைய சாமான் எடுக்க வந்த ஒருவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரு சிறு தொகை தருவதாகச் சொன்னார். கொடுத்துவிடலாமா, ஏலத்தில் போடலாமா?
— வாசகி, சுன்னாகம்

பதில்: அம்மா, தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தை வாசித்து முடித்தவுடன் நான் எழுதத் தொடங்கிய முதற் பதில் இதுதான். இங்கிலாந்தின் சுவிண்டன் நகரில் செய்யப்பட்ட கராட் 301 1950களின் நடுப்பகுதியிலும், அதைத் தொடர்ந்த 401 1965இலும் வெளிவந்தன. கனமான வார்ப்புத் தட்டு, எண்ணெயில் சுழலும் பெரிய அச்சு, தட்டின் உட்புறத்தில் அழுத்திச் சுழற்றும் இறப்பர்ச் சில்லு என்ற அந்த அமைப்பு, ஒலிபரப்பு நிலையங்களின் நீண்ட பாவனையைத் தாங்கியது. ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா என எல்லா இடங்களிலும் இன்றும் அதை விரும்பித் தேடுபவர்கள் இருக்கிறார்கள். 1995 இடப்பெயர்வில் வீட்டையே விட்டுப்போன குடாநாட்டில், அப்படியொன்று முழுமையாகத் தப்பியிருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். சைக்கிள் தைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட அந்த ஆண்டுகளில் எத்தனை வீடுகளில் இவை விறகோடு விறகாகப் போயின என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

ஆயினும் “முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாவிக்கவில்லை, ஆகவே புதிது போன்றது” என்று எழுதிவிடாதீர்கள். அது உண்மைக்குப் புறம்பானது. பாவனையின்றி இருந்த வால்வு அம்பிளிபயரினுள், மின்னைத் தேக்கிவைக்கும் கண்டென்சர்கள் வறண்டு தாங்கும் திறனை இழந்திருக்கும். “ஒருமுறை போட்டுப் பார்ப்போம்” என்று பிளக்கில் செருகினால், மீளக் கிடைக்காத ரான்ஸ்போமர் எரியக்கூடும். அதன் உள்ளே 300 வோல்ட்டைத் தாண்டிய மின்னழுத்தம் உண்டு. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் தேங்கி நிற்கும் என்பதால், வீட்டில் யாரும் மூடியைத் திறக்க வேண்டாம். பழகிய திருத்துநர் ஒருவர் 60 வாற் இழைக் குமிழொன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுப்பார். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் குமிழ் பிரகாசமாக எரியும்; கருவி காப்பாற்றப்படும். அவ்வாறு பார்க்க ஒருவர் கிடைக்காவிட்டால், இயக்கிப் பார்க்கவில்லை என்பதையும் அதன் காரணத்தையும் உள்ளபடி எழுதி விற்பதே சிறந்தது. நல்லூரிலிருந்து கேட்ட வாசகிக்கு நான் எச்சரித்த அதே சொல்தான் இது; ஆனால் 1990இலிருந்து என்ற காரணத்தைச் சேர்த்து எழுதும்போது, வாங்குபவருக்கு அது வேறு பொருளைத் தருகிறது.

மெருகேற்ற வேண்டாம், பெயின்ற் அடிக்க வேண்டாம். உலர்ந்த மென்தூரிகையால் செம்பாட்டுத் தூசியை மாத்திரம் நீக்குங்கள். தட்டை எடுத்து உட்புறத்தையும், பின்தகட்டையும், தொடரிலக்கத்தையும், கீறல்களையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டோ கையேடோ தந்தையாரின் பெட்டியில் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். குறையை முதலிலேயே காட்டும் விற்பனையாளருக்கு விலை குறைந்து நான் கண்டதில்லை. படத்தை வெளியிட்டவுடன் தளத்துக்கு வெளியே பேசி முடிப்போம் என்றும், கூடுதலான தொகைக்குக் காசோலை அனுப்புகிறேன், மிகுதியைத் திருப்பி அனுப்புங்கள் என்றும் சிலர் எழுதுவார்கள். அவர்களுக்குப் பதிலே எழுத வேண்டாம்; அந்தக் காசோலை பின்னர் திரும்பும், நீங்கள் அனுப்பிய மிகுதி திரும்பாது.

பொதி செய்வதில்தான் பலர் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். தட்டைக் கழற்றித் தனியே சுற்ற வேண்டும். அது அச்சில் இருந்தபடியே பயணித்தால், வழியில் விழும் ஒவ்வொரு முறையும் அச்சை இடிக்கும். ஊசிக்கையைக் கட்டி, ஊசியைத் தலையோடு கழற்றிச் சிறு டப்பாவில் வையுங்கள். இறப்பர்ச் சில்லு எதையும் அழுத்தாதபடி இருக்கட்டும். ஓரிடத்தில் அழுந்திக் கிடந்தால் பள்ளம் விழுந்து, பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் தட்டும் ஓசை கேட்கும். வால்வுகளைக் கழற்றி, எது எந்தத் துளைக்குரியது என்று எழுதித் தனித்தனியே சுற்றுங்கள். ஒரு பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, இடையில் எல்லாப் பக்கமும் ஐந்து சென்ரிமீற்றர் பஞ்சு நிரப்புங்கள். இவ்வளவும் செய்தால் பெட்டி பெரிதாகும் என்பதை மறக்க வேண்டாம். கூரியர் நிறுவனங்கள் நீள, அகல, உயரங்களைச் சென்ரிமீற்றரில் பெருக்கி, பொதுவாக 5000ஆல் வகுத்து வரும் கிலோகிராமை உண்மை நிறையோடு ஒப்பிட்டு, கூடியதற்கே கட்டணம் எடுக்கும். 60, 50, 35 என்ற அளவுள்ள பெட்டிக்குள் 11 கிலோகிராம் இருந்தாலும் 21 கிலோகிராமுக்கே பணம் கட்ட வேண்டும். ஆகவே ஏலத்தில் போடுவதற்கு முன்னரே பெட்டியைச் செய்து அளந்துவிடுங்கள். விற்க மனம் வராவிட்டால் அதையும் நான் மனமார வரவேற்பேன். திருத்தி எடுத்தால் அது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் பாடும்.

கேள்வி: வெளிநாட்டில் உள்ள உறவினரின் முகவரிக்கு எடுத்து, அவர் பெட்டி போடும்போது சேர்த்து அனுப்பினால் வரி இல்லையா? பொருளின் பெறுமதியைக் குறைத்து எழுதலாமா?
— வாசகர், மானிப்பாய்

பதில்: குறைத்து எழுதுவது சட்டப்படி குற்றம். அது மட்டுமன்று, பெட்டி உடைந்து வந்தால் நீங்கள் எழுதிக் கொடுத்த அந்தக் குறைந்த பெறுமதிக்கே நட்டஈடு கேட்கலாம். பழைய பொருள் என்பதனால் வரி நீங்குவதில்லை. பொருளின் விலையோடு கப்பற் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்த தொகையின் மீதே சுங்கத் தீர்வை கணிக்கப்படுகிறது. அதன் மேல் பெறுமதி சேர் வரி முதலியனவும் வரும். வீதங்களும் இறக்குமதி விதிகளும் அவ்வப்போது மாறுவதால், ஏலம் கேட்பதற்கு முன்னரே பொருளின் படத்தோடு சுங்கத் திணைக்களத்திடமோ அனுபவமுள்ள முகவரிடமோ கேட்டுவிடுங்கள். உறவினரின் முகவரிக்கு எடுப்பதில் இன்னொரு நட்டமும் உண்டு. அங்கு போய்ச் சேர்ந்த பொருளை வேறு நாட்டுக்கு அனுப்பிய பின்னர், ஈபேயின் பணம் மீளளிக்கும் உறுதி அதற்குப் பொருந்தாது. ஆகவே பெட்டி போடுவதற்கு முன்னர் உறவினர் அதைத் திறந்து, இயக்கி, குறை இருந்தால் அங்கேயே முறையிட வேண்டும். அதற்கு அவருக்கு நேரம் இருக்குமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாத்தாவின் 78 சுற்று இசைத்தட்டுகள் நாற்பது இருக்கின்றன. ரெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 வாங்கினால் அவற்றைக் கேட்கலாமா?
— வாசகர், கைதடி

பதில்: முடியாது. 1979இல் வந்த அந்த மாதிரியில் 33⅓, 45 ஆகிய இரு வேகங்களே உண்டு. 78 வேகமும் உள்ள பிளேயரைத் தேடுங்கள்; ஊசியையும் தனியே வாங்குங்கள். 78 சுற்றுத் தட்டின் தடம் அகலமானது, அதற்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு முனையுள்ள ஊசி வேண்டும். சாதாரண எல்பி ஊசி தடத்தின் அடியில் உராய்ந்து இரைச்சலையே தரும்.

கேள்வி: என் தந்தை 1980களில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரக் கச்சேரிகளைப் பதிவுசெய்த கசற்றுகள் முப்பது என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றுவதற்காக ஏலத்தில் நாகமிச்சி டிராகன் டெக் வாங்க எண்ணியிருக்கிறேன். பெருந்தொகை என்றாலும் தந்தைக்காகச் செலவிடத் தயார்.
— வாசகர், நெல்லியடி

பதில்: உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன், ஆனால் அந்தப் பணத்தை அதில் இட வேண்டாம். 1982இல் வந்த டிராகன், ஒலிப்பதிவுத் தலையின் கோணத்தைத் தானாகவே திருத்திக்கொள்ளும் அரிய கருவி. அதே காரணத்தால் அதன் உள்ளமைப்பு மிகச் சிக்கலானது. பழுதானால் நமது நாட்டில் திருத்துவதற்கு ஒருவரைக் காண்பது கடினம். உங்களுக்குத் தேவை, எளிய அமைப்புள்ள, பெல்ற்றும் நாடாவை அழுத்தி இழுக்கும் சில்லும் அண்மையில் மாற்றப்பட்ட, ஓடுவதை விற்பவர் காணொளியாகக் காட்டக்கூடிய ஒரு டெக். பழைய பெல்ற்றுகள் கரைந்து தார் போலாகிவிடுவது வழக்கம். “சுழலவில்லை, சிறு பழுது” என்று எழுதப்பட்டவற்றுள் பல அவ்வாறானவை. திருவிழாவில் சிறிய பதிவுக்கருவியில் எடுத்தவற்றின் கோணம் ஒவ்வொரு கசற்றிலும் சற்று மாறியிருக்கலாம். தவில் தெளிவாகக் கேட்டு நாதஸ்வரம் மந்தமாக ஒலித்தால், தலையின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை ஒலி கூர்மையாகும் வரை மெல்லத் திருப்பிச் சரிசெய்யலாம். டிராகன் தானாகச் செய்வதை நீங்கள் காதால் செய்கிறீர்கள். தந்தையோடு அமர்ந்து அந்தக் கச்சேரிகளைக் கேட்ட காது உங்களுடையது.

டெக் வந்தவுடன் தந்தையின் கசற்றைப் போடாதீர்கள். தலையையும் சில்லையும் துடைத்து, இழந்தாலும் கவலையில்லாத ஒரு கசற்றை இரு பக்கமும் ஓடவிட்டுப் பாருங்கள். பின்னர் உங்கள் முப்பதையும் வெளிச்சத்தில் பிடித்து, நாடாவில் வெண்மையான பூஞ்சணம் தெரிபவற்றை ஒதுக்குங்கள். அவற்றை ஓட்டினால் பூஞ்சணம் தலைக்கும் அடுத்த கசற்றுக்கும் பரவும். எஞ்சியவற்றை முன்னும் பின்னுமாக ஒருமுறை முழுவதும் சுற்றிவிட்டு, எதில் தந்தையின் குரல் அறிவிப்பாக இருக்கிறதோ அதை முதலில் மாற்றுங்கள்.